விமானத்தில் நம் செல்போன்: அச்சமும் ஆதாரமும்

(அறிவியல் ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் செல்போனை ஃப்ளைட் மோடுக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றாவிட்டால் என்ன ஆகும்? விமானம் ஏறிய ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதை மனத்துக்குள் கேட்டிருப்பார்கள். பதில் சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. போனை அணைக்காவிட்டால் விமானம் விழுந்துவிடும் என்று நம்புகிறவர் ஒருவர். "அதெல்லாம் சும்மா சொல்வது, நான் ஒரு நாளும் அணைத்ததில்லை, என்ன ஆகிவிட்டது?" என்பவர் இன்னொருவர். இரண்டாமவரின் கூட்டம் இப்போது பெருகிவருகிறது. எனக்குக் கவலை தருகிறவரும் அவர்தான். ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை மறுப்பது முழுப் பொய்யை மறுப்பதைவிடக் கடினம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணிகள் கொண்டுவரும் மின்னணுக் கருவிகளால் விமானத்தின் கருவிகளைத் தொந்தரவு செய்ய முடியும். ஆய்வுக்கூடத்தில் அது நிரூபணமாகியிருக்கிறது. தரையில் நிறுத்திவைத்த விமானத்திலும் நிரூபணமாகியிருக்கிறது. ஆனால் ஒரு பயணியின் கருவியால் ஒரு பயணிகள் விமானம் விழுந்தது என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. முடியும் என்கிறோம், நடக்கவில்லை என்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் அறுபது ஆண்டுகளாகப் பல நாட்டுப் பொறியாளர்கள் செய்த வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கதை செல்போனில் தொடங்கவில்லை. கையடக்க எஃப்.எம். ரேடியோவில் தொடங்குகிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்கப் பயணிகள் இந்த ரேடியோக்களை விமானத்துக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். ரேடியோ என்பது அலையை வாங்கும் கருவிதானே, அது எதை அனுப்பப் போகிறது என்று யாருக்கும் தோன்றும். உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஒரு நிலையத்தைத் திருப்பும்போது, ரேடியோவுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆஸிலேட்டர் தானாக ஓர் அலையை உண்டாக்குகிறது. வந்த அலையோடு அதைக் கலந்துதான் ரேடியோ ஒலியைப் பிரித்தெடுக்கிறது. பெரும்பாலான எஃப்.எம். ரேடியோக்களில் அந்த உள் அலை, நீங்கள் கேட்கும் நிலையத்தைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். சென்னையில் 106.4-இல் பாட்டுக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் ரேடியோவுக்குள் 117.1 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் துளி வெளியே கசியும்.

விமானத்துக்குத் திசை காட்டும் வி.ஓ.ஆர். என்ற தரை நிலையங்களும், ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ். கருவியின் லோக்கலைசரும் எந்த அலைவரிசையில் வேலை செய்கின்றன தெரியுமா? 108-இலிருந்து 118 மெகாஹெர்ட்ஸ் வரை. கசிந்த அலை நேராக அங்கே போய் விழுகிறது. வி.ஓ.ஆர். நிலையம் பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, ரேடியோவோ ஜன்னலோரப் பயணியின் மடியில் இருக்கிறது. அலையின் வலிமை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். தொலைவு இரண்டு மடங்கானால் வலிமை கால் பங்கு. அதனால் பக்கத்தில் இருக்கும் அற்பக் கசிவு, தூரத்தில் இருக்கும் நல்ல நிலையத்தோடு போட்டி போட முடிந்தது. விமானி பார்க்கும் முள் நகர முடிந்தது.

1961-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., விமானத்தில் கையடக்க எஃப்.எம். ரேடியோவைத் தடை செய்தது. 1966-இல் தடையை எல்லா மின்னணுக் கருவிகளுக்கும் விரித்து ஒரு விதி செய்தார்கள். குரல் பதிவுக் கருவி, காது கேட்கும் கருவி, இதயத்துக்கான பேஸ்மேக்கர், மின்சார ஷேவர் ஆகிய நான்கும் விலக்கு. மற்ற எந்தக் கருவியையும் அனுமதிக்க வேண்டுமானால், அது தன் விமானத்தைத் தொந்தரவு செய்யாது என்று விமான நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிரூபிக்கும் பொறுப்பைப் பயணியின் தலையில் கட்டவில்லை, ரேடியோ செய்தவரின் தலையிலும் கட்டவில்லை. விமானத்தை ஓட்டும் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். மிக நல்ல விதி என்பது என் அபிப்பிராயம். பின்னால் வந்த மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு வரியின் வழியாகத்தான் வந்தன.

இனி செல்போனுக்கு வருவோம். எஃப்.எம். ரேடியோ தவறுதலாக அலை கசியவிட்டது. செல்போன் வேண்டுமென்றே அலை அனுப்புகிற கருவி. பழைய 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2 வாட் வரை அனுப்பக்கூடியது. அதோடு ஒரு குணமும் உண்டு. கோபுரம் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசும், கோபுரம் தூரப் போகப் போகத் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். விமானம் மேலே ஏற ஏற நம் சட்டைப் பையில் இருக்கும் போன் இதைத்தான் செய்கிறது. கோபுரத்தைத் தேடித் தேடி முழுச் சக்தியில் கூப்பிடுகிறது.

பழைய போனை டி.வி. பக்கத்திலோ ஸ்பீக்கர் பக்கத்திலோ வைத்திருந்தால், அழைப்பு வரும் முன்பே ஒரு கரகர ஒலி வரும். உங்கள் பெற்றோரைக் கேளுங்கள், சொல்வார்கள். 2ஜி போன் தொடர்ச்சியாக அனுப்பாமல் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பை ஸ்பீக்கரின் வயர் பிடித்துக்கொள்கிறது. 217 என்பது காதுக்குக் கேட்கும் அதிர்வெண் என்பதால் நமக்கு அது ஒலியாகிறது. ஸ்பீக்கரில் ஆன்டெனா கிடையாது. ஆனாலும் அது வாங்கிக்கொண்டது. இதே ஒலியை விமானிகள் தங்கள் ஹெட்ஃபோனில் கேட்டிருக்கிறார்கள். தரைக் கட்டுப்பாட்டு அறை ஓர் உயரத்தையோ திசையையோ சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது குறுக்கே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அலை விமானக் கருவிகளுக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று முன்வாசல். பயணியின் கருவியிலிருந்து வரும் அலை ஜன்னல் வழியாக வெளியே போய், விமானத்தின் உலோக உடலையொட்டிப் படர்ந்து, வெளியே இருக்கும் ஆன்டெனாவில் நுழைகிறது. உலோகக் கூட்டுக்குள் இருக்கும் அலை வெளியே போகாது என்று சிலர் வாதிடுவார்கள். அத்தனை ஜன்னல்கள் இருக்கும் கூட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. எந்த இருக்கையிலிருந்து எந்த ஆன்டெனாவுக்கு எவ்வளவு அலை போய்ச் சேருகிறது என்று நாசா ஆய்வாளர்கள் விமானங்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று பின்வாசல். தரைக்கடியிலும் சுவர்களுக்குள்ளும் ஓடும் வயர்கள் ஸ்பீக்கர் வயரைப் போலவே அலையைப் பிடித்துக்கொள்வது.

முன்வாசலில் மிகவும் பலவீனமானது ஜி.பி.எஸ். அந்தச் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே இருக்கின்றன. அங்கிருந்து வந்து சேரும் சக்தி, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறு. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு அடுத்த தெருவில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை அது. இவ்வளவு மெலிந்த அலையைக் கெடுக்கப் பெரிய கருவி வேண்டாம். 2012-இல் அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில், தரையில் அமைத்திருந்த ஜி.பி.எஸ். துணைக் கருவி கலங்கியது. தேடிப் பார்த்தால், அந்தப் பக்கம் வந்த ஒரு வண்டியில், தான் எங்கே போகிறோம் என்று முதலாளிக்குத் தெரியாமலிருக்க ஓட்டுநர் செருகிவைத்திருந்த சின்ன ஜாமர் கருவி. விமான நிலையத்தோடு அவருக்கு ஒரு பகையும் இல்லை. அடுத்த ஆண்டு அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 31,875 டாலர்.

"சரி, பறக்கிற விமானத்தில் என்ன நடந்தது?" என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. சிக்கலை மறைக்காமல் சொல்கிறேன்.

நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்பு 1976 முதல் இயங்குகிறது. விமானிகள் பயமில்லாமல் தாங்கள் கண்டதை எழுதலாம். அதில் பயணிகளின் கருவியைச் சந்தேகிக்கும் அறிக்கைகள் நிறைய உண்டு. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். திசைகாட்டி விலகியது, பணியாளரை அனுப்பிக் கருவிகளை அணைக்கச் சொன்னோம், திரும்பச் சரியானது என்று எழுதியிருப்பார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவும் 2003 முதல் 2009 வரையிலான இப்படிப்பட்ட 75 சம்பவங்களைத் தொகுத்தது. இவை விமானிகளின் சந்தேகங்கள். நிரூபணங்கள் என்று சொல்ல முடியாது.

நிரூபிக்கப் பார்த்தவர்களும் உண்டு. 1995-இல் ஒரு போயிங் 737 பறந்துகொண்டிருந்தபோது ஆட்டோபைலட் தானாக விடுபட்டது. ஒரு பயணியின் மடிக்கணினி மீது சந்தேகம். போயிங் நிறுவனம் அந்த மடிக்கணினியையே அவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தார்கள். சில அலைவரிசைகளில் அதன் கசிவு, விமானக் கருவிகளுக்குப் போயிங் வைத்திருந்த வரம்பைத் தாண்டியது. பிறகு அதே மடிக்கணினியை அதே விமானத்தில் வைத்து, அதே சூழலில் இரண்டு தடவை பறந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. 1998-இல் ஒரு 747 லேசாகச் சாய்ந்து திரும்பத் தொடங்கியது. ஒரு பயணியின் கையடக்கக் கணினியை அணைத்ததும் நேரானது. அதைக் காக்பிட்டுக்கே கொண்டுபோய் விமானிகள் போட்டுப் பார்த்தார்கள், திரும்பியது. அணைத்தார்கள், நின்றது. போயிங் அந்தக் கருவியை வாங்க முயன்றது, கிடைக்கவில்லை. அதே மாடலில் வேறொன்றைச் சோதித்தும் காரணத்தை உறுதிப்படுத்த முடியவில்லை.

ஏன் திரும்பச் செய்து காட்ட முடிவதில்லை? கருவி எந்த இருக்கையில், எந்தக் கோணத்தில் இருந்தது, எந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தது, அந்த விமானத்தின் எந்த வயரின் உறை தேய்ந்திருந்தது, பக்கத்து இருக்கையில் என்ன கருவி இருந்தது என்று எல்லாமே விடையை மாற்றும். இரண்டு கருவிகளின் அலைகள் கலந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது அலை பிறப்பதும் உண்டு. கீழே விழுந்து அடிபட்ட போனும், பழுதுபார்க்கத் திறந்தபின் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைத் திரும்பப் பொருத்தாத போனும், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த போன் ஆகாது. சோதனையில் திரும்ப நடக்கவில்லை என்பதால் விமானிகள் கற்பனை செய்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் கண்டார்கள் என்பதாலேயே கருவிதான் காரணம் என்பதும் அறிவியலாகாது. அணைத்ததும் சரியானது என்றால், அதே நேரத்தில் வேறு காரணத்தால் சரியாகியிருக்கவும் கூடும்.

இரண்டு விபத்துகளைச் சொல்ல வேண்டும். 2000 ஜனவரி 10-ஆம் தேதி சூரிச்சிலிருந்து கிளம்பிய கிராஸ்ஏர் 498 என்ற சிறிய விமானம் சில நிமிடங்களிலேயே விழுந்து 10 பேர் இறந்தார்கள். உடனே செல்போன் மீது பேச்சு எழுந்தது. சுவிட்சர்லாந்து விசாரணையாளர்கள் அதையும் ஆராய்ந்தார்கள். இரவில் மேகத்துக்குள் விமானி திசையுணர்வை இழந்து, இடப்பக்கம் திரும்ப வேண்டிய விமானத்தை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார் என்று முடிவு செய்தார்கள். செல்போன் குற்றவாளியாகவில்லை. இன்றும் சிலர் இந்த விபத்தைச் செல்போன் கணக்கில் எழுதுகிறார்கள். அது தவறு.

மற்றது 2003 ஜூன் 6, நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச். சின்ன பைப்பர் விமானம் ஒன்று மோசமான வானிலையில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதி, உள்ளே இருந்த 10 பேரில் 8 பேர் இறந்தார்கள். விமானியின் சொந்த செல்போனிலிருந்து வீட்டுக்கு ஓர் அழைப்பு போயிருந்தது. கடைசி நிமிடங்களில் அது துண்டிக்கப்படாமலே இருந்தது. இறங்கும் சரிவைக் காட்டும் கருவியில் அந்தப் போன் தவறான குறியைத் தந்திருக்கக்கூடும் என்று விசாரணை ஆணையம் எழுதியது. கூடும் என்ற அளவில்தான். உயரத்தைக் கவனிக்கத் தவறியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. நம்மிடம் இருக்கும் சான்றுகளில் ஓர் உயிரிழப்புக்கு மிக அருகில் வரும் சான்று இது. அதுவும் பயணியின் போன் இல்லை, விமானியின் போன்.

அதே 2003-இல் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. விமானக் கருவிகளை மேசை மீது வைத்து, செல்போன் உண்டாக்கக்கூடிய அளவுக்கு அலையைச் செலுத்திப் பார்த்தார்கள். திசைகாட்டி உறைந்து நின்றது. வி.ஓ.ஆர். 5 டிகிரி வரை தவறாகக் காட்டியது. நிலையத்தை நோக்கிப் போகிறோமா விலகிப் போகிறோமா என்று காட்டும் குறி தலைகீழாக மாறியது. இவற்றையெல்லாம்விட என்னைக் கலங்கச் செய்த முடிவு வேறு. சில நேரங்களில் முள் தவறான இடத்தைக் காட்டியபோதும், "நான் பழுது, என்னை நம்பாதே" என்று எச்சரிக்கும் கொடி எழவில்லை. பழுது என்று சொல்லிவிட்டு நிற்கும் கருவியால் ஆபத்து குறைவு, விமானி வேறொன்றைப் பார்த்துக்கொள்வார். சரியாக இருப்பதுபோலவே இருந்துகொண்டு பொய் சொல்லும் கருவிதான் ஆளைக் கொல்லும். அங்கே சோதித்த கருவிகள் பழைய தரத்தைச் சேர்ந்தவை, சிறு விமானங்களில் வருபவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது நமது இரண்டாமவரிடம் திரும்பலாம். "எத்தனையோ பேர் அணைப்பதில்லை, ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார். அணைப்பதில்லை என்பது உண்மை. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 கடைசியில் அலையை அளக்கும் கருவியோடு 37 விமானங்களில் பயணம் செய்தார்கள். விண்வெளி வீரராக இருந்த ஜே ஆப்ட் அந்தக் குழுவில் ஒருவர். பேசக்கூடாது என்று தடை இருந்த அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு விமானத்திலும் சராசரியாக ஒன்றிலிருந்து நான்கு செல்போன் அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன. தரையிறங்கும் நேரத்திலும்கூட.

அத்தனை போன்கள் ஓடியும் விமானம் விழவில்லை என்பது வலுவான வாதம், நான் அதை மதிக்கிறேன். தனியாக ஒரு செல்போன் ஒரு நல்ல விமானத்தை வீழ்த்தாது என்பதற்கு அது சான்று. ஆனால் விபத்துகள் தனிக் காரணத்தால் நடப்பது அரிது. மூடுபனி, களைப்பு, பழைய வயர், தாமதமான ஒரு பார்வை எல்லாம் ஒரே நிமிடத்தில் சேர வேண்டும். 2009 பிப்ரவரி 25-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் துருக்கிய விமானம் ஒன்று இறங்கும்போது, சுமார் 2,000 அடி உயரத்தில் இருந்த விமானத்தில், தரையிலிருந்து உயரத்தை அலையால் அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் ஒன்று மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரையைத் தொட்டாயிற்று என்று நினைத்த தானியங்கி, எஞ்சின் விசையைக் குறைத்தது. வேகம் விழுந்ததை விமானிகள் நேரத்தோடு பார்க்கவில்லை. 9 பேர் இறந்தார்கள். அந்தக் கோளாறை யாருடைய போன் மீதும் விசாரணை சுமத்தவில்லை. ஒரே ஒரு தவறான எண் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று காட்டத்தான் சொன்னேன்.

விமானம் விழாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இந்த உரையின் மையக் கருத்தே அதுதான். விமானத்தைச் செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. 1980-களில் கம்பிகளுக்குப் பதிலாகக் கணினிகள் விமானத்தை இயக்கத் தொடங்கியபோது, மின்னலும் ரேடார்களும் பெரிய ஒலிபரப்புக் கோபுரங்களும் அந்தக் கணினிகளைக் கலக்கிவிடக் கூடாது என்று கடுமையான தரங்கள் வந்தன. வயர்களுக்கு உறை, பெட்டிகளுக்குக் கவசம், உள்ளே வரும் ஒவ்வோர் இணைப்பிலும் வடிகட்டி. ரேடாரைத் தாங்கச் செய்த கவசம் செல்போனையும் தாங்கியது. பிறகு செல்போனுக்கென்றே சோதனை முறைகள் எழுதப்பட்டன. விமானத்தைத் தரையில் நிறுத்தி, கருவிகளை எல்லாம் இயக்கிவிட்டு, இருக்கை வரிசைகளில் ஆன்டெனாவை வைத்து, போன் அனுப்புவதைவிடக் கூடுதல் சக்தியில் அலையை விடுவார்கள். காக்பிட்டில் ஒருவர் உட்கார்ந்து எந்த முள் ஆடுகிறது, எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நாள் முழுக்க நடக்கும் அலுப்பான வேலை. அதைச் செய்தவர்களின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வந்ததில்லை.

இந்தச் சோதனைகள் வீண் இல்லை என்பதற்கு என் கையில் இருக்கும் மிக உறுதியான சான்று இது. விமானத்துக்குள் வைஃபை பொருத்துவதற்கான சோதனையை ஒரு நிறுவனம் செய்துகொண்டிருந்தபோது, போயிங் 737-இன் காக்பிட் திரைகள் சில நொடிகள் இருண்டுபோயின. வேகம், உயரம், சாய்வு எல்லாவற்றையும் காட்டும் திரைகள். ஹனிவெல் நிறுவனம் செய்த ஒரு குறிப்பிட்ட வகைத் திரையில் குறை இருந்தது. பறக்கும்போது எங்கும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் 2014-இல் எஃப்.ஏ.ஏ. உத்தரவு போட்டது. அமெரிக்காவில் பதிவான 1,300-க்கும் மேற்பட்ட 737, 777 விமானங்களில் அந்தத் திரைகளை மாற்றவோ திருத்தவோ வேண்டும், ஐந்து ஆண்டு அவகாசம். பயணி ஒருவருக்கும் தெரியாமல் ஓர் ஆபத்து தரையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. சரிசெய்யவும்பட்டது.

எனவே 2013 அக்டோபர் 31-ஆம் தேதி எஃப்.ஏ.ஏ. தடையைத் தளர்த்தி, கிளம்புவதிலிருந்து இறங்குவதுவரை கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று சொன்னபோது, "பார்த்தீர்களா, இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று பலர் எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. 28 பேர் கொண்ட குழு ஆராய்ந்து தந்த அறிக்கையின் மேல் எடுத்த முடிவு அது. போன் சாதுவாகிவிட்டது என்று அந்தக் குழு சொல்லவில்லை. பெரும்பாலான பயணிகள் விமானங்கள் அதைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டன என்று சொன்னது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விமான வகைகளைச் சோதித்துக் காட்டிய பிறகே அனுமதி. 1966-இன் அதே வரிதான் இது. இந்தியாவிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2014 ஏப்ரலில் ஃப்ளைட் மோடில் பயன்படுத்தலாம் என்று விதியைத் திருத்தியது.

அப்படியானால் ஃப்ளைட் மோடு இன்னும் எதற்கு? அதற்குத் தரையில் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பறக்கும் விமானத்தில் செல்போன் பேச 1991-இல் தடை போட்டது விமானத் துறை இல்லை, தொலைத்தொடர்பு ஆணையம். தெருவில் நிற்கும் போனுக்கு ஒன்றிரண்டு கோபுரங்கள் தெரியும். மேலே பறக்கும் போனுக்கு ஒரே நேரத்தில் ஏராளமான கோபுரங்கள் நேர்ப்பார்வையில் இருக்கும். எல்லாவற்றிலும் போய் இடம் பிடிக்கும். இதைத் தவிர்க்க விமானத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கோபுரத்தை வைத்துவிட்டால் போன் மிகக் குறைந்த சக்தியில் பேசிக்கொள்ளும். எமிரேட்ஸ் 2008 மார்ச்சில் துபாய்–காசாபிளாங்கா விமானத்தில் இதைத் தொடங்கியது. இந்தியாவில் 2018 விதிகள் 3,000 மீட்டருக்கு மேலே இதற்கு இடம் தந்தன.

கேள்வி இப்போது பயணியின் இருக்கையிலிருந்து விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கோபுரங்களுக்கு மாறியிருக்கிறது. 2022 ஜனவரி 19 அன்று ஏர் இந்தியா அமெரிக்காவுக்குப் போக வேண்டிய சில விமானங்களை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். அன்று அங்கே 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5ஜி சேவை தொடங்கியது. ரேடியோ ஆல்டிமீட்டர் வேலை செய்வது 4.2 முதல் 4.4 வரை. இடைவெளி இருந்தாலும், 5ஜி வருவதற்கு வெகுகாலம் முன்பு செய்த ஆல்டிமீட்டர்கள் அண்டை அலையை நன்றாகத் தடுக்கும்படி செய்யப்படவில்லை. இந்தியா தந்த அலைவரிசை 3.3 முதல் 3.67 வரை, கொஞ்சம் கூடுதல் தள்ளி. அப்படியும் 2022 நவம்பரில் நமது தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2,100 மீட்டருக்குள், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள் அந்த அலைவரிசையில் கோபுரம் வைக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து, 5ஜி வரவில்லையே என்று கோபப்படும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நேரம் ஆகிறது, ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். அலையைவிட அவசரமான ஆபத்து பயணிகள் கொண்டுவரும் கருவிகளின் லித்தியம் பேட்டரி. 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில் மேல் பெட்டிக்குள் இருந்த ஒரு போன் புகைந்தது, பணியாளர்கள் அணைத்தார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் கிளம்பத் தயாராக நின்ற விமானம் தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் ஒன்றே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், மேல் பெட்டியிலும் திணிக்காதீர்கள். கண்ணெதிரே இருக்கட்டும்.

இங்கே வந்திருக்கும் பொறியியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மின்காந்த இடையூறு என்பது பாடத்திட்டத்தில் ஓர் ஓரத்தில் இருக்கும் தாள். வேலைக்கு உதவாது என்று விட்டுவிடாதீர்கள். கார், மருத்துவமனைக் கருவி, மெட்ரோ ரயில் எல்லாவற்றிலும் இந்தச் சோதனையைச் செய்ய ஆள் தேவை.

மற்றவர்களிடம் இன்னொன்று. 2013-இல் தடையைத் தளர்த்திய அதே குழு ஒரு விலக்கையும் எழுதியிருக்கிறது. பார்வை மிகக் குறைந்த தரையிறக்கத்தில், நூற்றில் ஒரு விமானத்துக்கு, கருவிகளை முழுவதும் அணைக்கச் சொல்ல நேரலாம் என்று. டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லிக்குப் போகிறீர்கள். வெளியே பனிமூட்டம், விமானம் ஐ.எல்.எஸ். அலையை மட்டும் நம்பி இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாக் கருவிகளையும் அணையுங்கள் என்று அறிவிப்பு வருகிறது. அந்த நேரத்தில் ஃப்ளைட் மோடு போதாது. போனை முழுவதுமாக அணைத்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.